தேடியது கிடைக்கும் தளம்: ஒரு நகராட்சி இணையதளத்தை ஒழுங்குபடுத்துவது எப்படி?

பிறப்புச் சான்றிதழ் வாங்க வழி தேடி ஒரு நகராட்சியின் இணையதளத்துக்கு வருபவர் முகப்பில் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான்: பொதுப் பிரிவு, பொறியியல் பிரிவு, வருவாய்ப் பிரிவு, பொது சுகாதாரப் பிரிவு, நகரமைப்புப் பிரிவு. பிறப்பு, இறப்புப் பதிவு பொது சுகாதாரப் பிரிவின் வேலை என்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவருக்கு அது தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. குடிநீர் இணைப்பு இன்னும் சிக்கல். விண்ணப்பத்தைப் பார்ப்பது பொறியியல் பிரிவு, கட்டணம் வசூலிப்பது வருவாய்ப் பிரிவு. ஒரே வேலைக்கான தகவல் இரண்டு இடத்தில் பாதி பாதியாகக் கிடக்கும்.

எந்தப் பக்கங்கள் இருக்க வேண்டும், எது எதோடு சேரும், எதற்கு என்ன பெயர், எந்தச் சொல்லைத் தட்டினால் எது வரும் என்ற முடிவுகளின் தொகுப்புதான் தகவல் கட்டமைப்பு. வண்ணம், படம், எழுத்துரு எல்லாம் அதற்குப் பிறகுதான். ஏறத்தாழ 300 பக்கமுள்ள ஒரு நகராட்சித் தளத்தை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். பள்ளி, கூட்டுறவுச் சங்கம், மருத்துவமனைத் தளங்களுக்கும் இதே வரிசைதான்.

கணக்கெடுப்பு

இருப்பதை எழுதாமல் எதையும் நகர்த்தக் கூடாது. ஒரு விரிதாளில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி. நெடுவரிசைகள்: எண், பக்கத் தலைப்பு, முகவரி, வகை (சேவை, அறிவிப்பு, படிவம், தீர்மானம்), பொறுப்பாளர், கடைசியாகத் திருத்திய தேதி, மாதாந்திரப் பார்வைகள், முடிவு. கடைசி நெடுவரிசையில் நான்கே சொற்கள்தான் வரலாம்: வைத்திரு, திருத்து, இணை, நீக்கு. ஸ்க்ரீமிங் ஃபிராக் போன்ற கருவி முகவரிகளைத் தானே திரட்டித் தரும். அதன் இலவசப் பதிப்பு 500 முகவரி வரை எடுக்கும். படங்களை விட்டுப் பக்கங்களை மட்டும் எடுக்குமாறு அமைத்தால் இந்த அளவு தளத்துக்கு அது போதும். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பில்லாமல் அநாதையாகக் கிடக்கும் பக்கங்கள் அதில் சிக்காது. அவற்றைச் சர்வரில் உள்ள கோப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

பி.டி.எஃப் கோப்புகளுக்குத் தனித் தாள் போடுங்கள். ஒவ்வொன்றையும் திறந்து ஒரு வரியை நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக ஒட்டினால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் பொது எழுத்துக் குறியீட்டு முறை. பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக ஒட்டினால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். பின்னிரண்டு வகையும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், தேடலுக்குத் தெரியவே தெரியாது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. அதற்கு முந்தைய ஆவணங்களும், அதன் பிறகும் பழைய பழக்கத்தில் தட்டியவையும் இன்னும் தளங்களில் இருக்கின்றன. பழைய எழுத்துருவில் உள்ளதை எழுத்துரு மாற்றும் மென்பொருளால் யூனிகோடாக்கலாம். ஸ்கேன் படங்களுக்கு டெசராக்ட் போன்ற எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) தமிழிலும் வேலை செய்யும், ஆனால் எண்களையும் பெயர்களையும் ஒருவர் சரிபார்க்காமல் ஏற்றக் கூடாது.

மக்கள் கேட்கும் சொல்

அடுத்தது சொற்களைச் சேர்ப்பது. மூன்று இடத்திலிருந்து எடுக்கலாம். தளத்தின் தேடல் பெட்டிப் பதிவு, கூகுளில் என்ன தேடித் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் (16 மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம்), அலுவலக முன்மேசையில் வரும் கேள்விகள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் மிகவும் பயன்படும். தொலைபேசி எடுப்பவரிடம் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டைக் கொடுத்து, கேட்டவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதச் சொல்லுங்கள். 'சொத்து வரி நிலுவை' என்று அலுவலக மொழியில் மாற்றி எழுதிவிட்டால் பயனில்லை. 'வீட்டு வரி பாக்கி எவ்வளவுன்னு பாக்கணும்' என்பதே வேண்டும்.

காலத்தையும் கவனியுங்கள். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. செப்டம்பர், மார்ச் முடிவை ஒட்டி அந்தத் தேடல் ஏறும். மழைக்காலத்தில் சாக்கடை அடைப்பு ஏறும். ஒரு மாதப் பதிவை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள்.

இந்தப் பட்டியலில் நகராட்சியே தராத சேவைகளும் வரும்: பட்டா, ரேஷன் கார்டு, வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, மின் இணைப்பு. 'எங்கள் வேலை இல்லை' என்று ஒதுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரியில் ஒரு சின்னப் பக்கம் போதும். வாரிசுச் சான்றிதழ் என்றால்: இதை நகராட்சி தருவதில்லை, வட்டாட்சியர் அலுவலகம் தருகிறது, இறப்புச் சான்றிதழ் மட்டும் இங்கே கிடைக்கும். வந்தவருக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

சீட்டு அடுக்கும் சோதனை

எது எதோடு சேரும் என்பதைக் கூட்டத்தில் உட்கார்ந்து முடிவு செய்தால் மறுபடியும் பிரிவுகளின் பட்டியலே வரும். அதற்குப் பதில் 40 முதல் 50 சீட்டுகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தின் பொருளை எழுதுங்கள். அலுவலகத்தைச் சேராத 15 பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, 'உங்களுக்குச் சேர்ந்ததாகத் தோன்றுவதைச் சேர்த்து வையுங்கள், ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயர் வையுங்கள்' என்று சொல்லுங்கள். ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். அதற்கு மேல் போனால் சீட்டு அதிகம் என்று பொருள். வீட்டு உரிமையாளர், வாடகைக்கு இருப்பவர், கடை வைத்திருப்பவர், பொறியாளர் அல்லது உரிமம் பெற்ற வரைவாளர் என்று ஆட்கள் கலந்திருக்க வேண்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. 'குடிநீர் இணைப்பு', 'குடிநீர்க் கட்டணம்', 'குடிநீர்க் குழாய் உடைப்பு' என்று மூன்று சீட்டு எழுதினால், எல்லாரும் மூன்றையும் ஒன்றாக வைப்பார்கள். அவர்கள் பொருளைப் பார்த்து அடுக்கவில்லை, ஒரே சொல்லைப் பார்த்து அடுக்கினார்கள். 'வீட்டுக்குப் புதிதாகத் தண்ணீர் இணைப்பு வாங்க', 'அரையாண்டு வாட்டர் டாக்ஸ் கட்ட', 'தெருவில் பைப் உடைந்து தண்ணீர் போகிறது' என்று எழுதிப் பாருங்கள். மூன்றாவது சீட்டு பெரும்பாலும் தெருவிளக்கு, குப்பை, சாலைப் பள்ளம் இருக்கும் புகார்க் குவியலுக்குப் போய்விடும். தளத்திலும் அது அங்கேதான் இருக்க வேண்டும்.

முடிந்ததும் எந்த இரண்டு சீட்டுகளை எத்தனை பேர் சேர்த்து வைத்தார்கள் என்று அட்டவணை போடுங்கள். 15-இல் 11, 12 பேர் சேர்த்தவை உறுதியான கூட்டாளிகள். ஆறேழு பேர் ஒரு குவியலிலும் மற்றவர்கள் இன்னொரு குவியலிலும் வைத்த சீட்டுக்கு இரண்டு இடத்திலிருந்தும் இணைப்புக் கொடுங்கள். பக்கம் ஒன்றுதான், முகவரியும் ஒன்றுதான், வாசல் மட்டும் இரண்டு. ஒரே பக்கத்தை இரண்டு இடத்தில் நகலெடுத்து வைத்தால், அடுத்த கட்டண மாற்றத்தில் ஒன்று திருத்தப்படும், மற்றொன்று பழைய தொகையோடு நிற்கும்.

மெனுவும் பெயர்களும்

இப்போது மெனுவை வரையலாம். முதல் அடுக்கில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதியது மனத்தில் தாங்கிக்கொள்ளும் அளவைப் பற்றி. மெனு கண் முன்னால் இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்யப் போவதில்லை. எண்ணிக்கையை விட ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபடுவதுதான் முக்கியம். நகராட்சிக்கு இப்படி வரலாம்: வரியும் கட்டணமும், சான்றிதழ்கள், வீடு கட்ட, தொழில் நடத்த, புகார் செய்ய, அறிவிப்பும் டெண்டரும், மன்றமும் அலுவலகமும். பிரிவுகளின் விவரம் கடைசி ஒன்றுக்குள் போகும். அது தேவைப்படுபவரும் இருக்கிறார், ஆனால் முகப்பை அது ஆளக் கூடாது.

'சேவைகள்', 'இதர', 'பயனுள்ள இணைப்புகள்' மூன்றையும் மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். தளத்தில் இருப்பது எல்லாமே சேவைதான் என்றால் அந்தப் பெயர் எதையும் சொல்லவில்லை. 'இதர' என்ற தலைப்பு, முடிவெடுக்காமல் விட்டதன் அடையாளம். திட்டங்களின் சுருக்கப் பெயர்களையும் தனியாக நிறுத்தாதீர்கள். திட்டம் என்ன தருகிறது என்பது முதலில், திட்டத்தின் பெயர் அதற்கடுத்து. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் கைபேசியில் மெனு இரண்டு வரியாக மடியும். மடியட்டும். இடத்துக்காகப் 'பி.இ.சான்று' என்று வெட்டினால் யாருக்கும் புரியாது.

அகரவரிசைப் பட்டியல் ஒன்றும் கட்டாயம் வையுங்கள். பெயர் தெரிந்து வருபவருக்கு அதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் கணினியின் இயல்பான வரிசைப்படி விட்டால் தமிழ் வரிசை தப்பும். யூனிகோடில் ச-வுக்கு அடுத்து ஜ, ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற இருக்கின்றன. மெய்யெழுத்துகளும் உயிர்மெய்க்குப் பின்னால் போய்விடும். வரிசைப்படுத்தும் நிரலில் மொழி தமிழ் என்று குறிப்பிட்டால் சரியாகும். ஒரு வரி வேலை.

வரைந்ததைக் கட்டுவதற்கு முன் சோதியுங்கள். வடிவமைப்பு எதுவுமில்லாமல் மெனுப் பெயர்களை மட்டும் காட்டி, எட்டு முதல் பத்து வேலைகள் கொடுங்கள். வேலையைச் சொல்லும்போது மெனுவில் உள்ள சொல் வரக் கூடாது. 'இறப்புச் சான்றிதழ் எங்கே?' என்றால் கண் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்துவிடும், சோதனை வீண். 'உங்கள் தாத்தா சென்ற மாதம் தவறிவிட்டார், வங்கியில் அதற்கான ஆதாரம் கேட்கிறார்கள்' என்று சொல்லுங்கள். சேர்ந்தாரா என்பதோடு, திரும்பி வராமல் நேராகச் சேர்ந்தாரா என்பதையும் குறியுங்கள். பலர் முதலில் ஒரே தவறான தலைப்பைத் தொட்டால், குறை அவர்களிடம் இல்லை, அந்தத் தலைப்பில் இருக்கிறது.

வடிகட்டிகள்

சேவைகளுக்கு மரம் போதும், அதாவது தலைப்பு, உட்தலைப்பு என்று கிளை பிரியும் மெனு. டெண்டர், மன்றத் தீர்மானம், படிவம் போன்றவை நூற்றுக்கணக்கில் சேரும்போது மரம் தாங்காது. ஆண்டு வாரியாக அடுக்கினால் வார்டு வாரியாகத் தேடுபவர் தவிப்பார், வார்டு வாரியாக அடுக்கினால் ஆண்டு தெரிந்தவர் தவிப்பார். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நடத்திய எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையில் தீர்த்தது இதே சிக்கலைத்தான். பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல், அதன் முகங்களைத் தனித்தனியாகக் குறித்து, தேவைக்கேற்பச் சேர்ப்பது. இன்று கடைத் தளங்களில் விலை, அளவு, நிறம் என்று வடிகட்டுவது அதே சிந்தனை. தீர்மானங்களுக்கு ஆண்டு, வார்டு, பொருள் என்று மூன்று முகம் போதும். ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில் எத்தனை இருக்கிறது என்ற எண்ணைக் காட்டுங்கள். எண் இல்லாவிட்டால் மூன்றையும் தேர்ந்தெடுத்த பிறகு வெற்றுப் பக்கம்தான் மிஞ்சும்.

தேடல் பெட்டி

தமிழ்த் தளங்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தயாராகக் கிடைக்கும் தேடல் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அப்படியே பொருத்தினால் தமிழ் உடைந்து போகும். 'உடைந்து' என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் தேடல் அட்டவணை (FTS5) இயல்பு அமைப்பில் எழுத்து, எண் என்ற வகைகளை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுக்கும். தமிழின் புள்ளியும் கொம்பும் காலும் யூனிகோடில் 'குறி' என்ற தனி வகை. ஆகவே 'சொத்து' என்பது ச, த, த என்று மூன்று துண்டாகும். அமைப்பில் குறி வகைகளையும் சேர்த்தால் சரியாகிவிடும். நீங்களே எழுதும் நிரலில் சொற்களைப் பிரிக்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

அடுத்தது ஒரே எழுத்தின் இரட்டை வடிவங்கள். 'சொ' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பக்கத்தை ஏற்றும்போதும், தேடல் சொல்லைப் பெறும்போதும் பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடின் சேர்த்தெழுதும் இயல்பாக்கத்தை (NFC) ஓட்டினால் இரண்டும் ஒன்றாகும். ஔகாரத்துக்கு அது உதவாது. 'கௌரி' என்பதைக் 'கெளரி' என்று ளகரம் போட்டும், 'ஔவையார்' என்பதை 'ஒளவையார்' என்றும் பலர் தட்டுகிறார்கள். 'ெள வந்தால் ௌ ஆக்கு' என்று பொது விதி எழுதினால் 'வெள்ளம்' கெடும், 'தெளிவு' கெடும். 'ஒள'-வை மாற்றினால் 'ஒளி' கெடும். எனவே ஔவையார் தெரு, கௌரி நகர் போன்றவற்றைச் சொல் சொல்லாக இணைச்சொல் பட்டியலில் சேர்ப்பதே பாதுகாப்பு.

இணைச்சொல் பட்டியல்தான் தேடலின் உயிர். மக்கள் கேட்டதாகச் சேர்த்த சொற்கள் இங்கே பலன் தரும். சொத்து வரி, வீட்டு வரி, வீட்டுவரி, ஹவுஸ் டாக்ஸ், பிராப்பர்ட்டி டாக்ஸ் ஐந்தும் ஒன்று. பிறப்புச் சான்றிதழ், பிறப்பு சான்றிதழ், பிறப்புச்சான்றிதழ், பர்த் சர்டிபிகேட் ஒன்று. இவற்றின் ஆங்கில எழுத்து வடிவங்களையும் சேருங்கள். கைபேசியில் தமிழ் பேசிக்கொண்டே ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் ஏராளம். எல்லா இணையும் இருபக்கமாக இருக்கக் கூடாது. 'சாக்கடை' என்று தேடினால் பாதாள சாக்கடை இணைப்பும் மழைநீர் வடிகாலும் வரட்டும். 'மழைநீர் வடிகால்' என்று குறிப்பாகத் தேடியவருக்குப் பாதாள சாக்கடை வரக் கூடாது. 50 தொகுதிகளில் தொடங்குங்கள், போதும்.

வேற்றுமை உருபு அடுத்த சிக்கல். வரி, வரியை, வரிக்கு, வரியில் எல்லாம் ஒரே வேரைச் சேர வேண்டும். ஸ்னோபால் என்ற இலவச நிரல் தொகுப்பில் தமிழுக்கான வேர்ச்சொல் பிரிப்பான் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 12-ஆம் பதிப்பிலிருந்து அது கூடவே வருகிறது. சில சொற்களை அது அளவுக்கு மீறி வெட்டும். அதனால் அதிகம் தேடப்படும் 100 சொற்களைக் கொடுத்து என்ன வருகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

எழுத்துப்பிழையைத் தாங்கும் வசதியை மட்டும் யோசித்துத்தான் இயக்க வேண்டும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் தானியங்கி அமைப்பு 3 முதல் 5 குறியீடு நீளமுள்ள சொல்லில் ஒரு மாற்றத்தையும், அதற்கு மேல் இரண்டையும் ஏற்கும். 'வரி' மூன்று குறியீடு: வ, ர, இகரக் குறி. ஒரு மாற்றம் என்றால் வழி, வலி, வளி, வரை எல்லாம் உள்ளே வந்துவிடும். வரி கட்ட வந்தவருக்குப் புறவழிச் சாலை டெண்டரும் வலி நிவாரண முகாமும் கிடைக்கும். எல்லைகளை 6, 12 என்று உயர்த்துங்கள்: 6 குறியீட்டிலிருந்து ஒரு மாற்றம், 12-இலிருந்து இரண்டு. 'சான்றிதல்', 'பிரப்பு' போன்ற வழக்கமான பிழைகள் இணைச்சொல் பட்டியலுக்கே போகட்டும்.

முடிவு வரிசையில், சேவைப் பக்கம் எப்போதும் அறிவிப்புக்கு மேலே. தலைப்பில் வரும் சொல்லுக்கு உள்ளடக்கத்தில் வருவதைவிட மூன்று, நான்கு மடங்கு எடை கொடுத்துத் தொடங்கி, முடிவுகளைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். எதுவும் கிடைக்காதபோது வெறும் 'முடிவுகள் இல்லை' என்று நிறுத்தாமல், அதிகம் கேட்கப்படும் ஆறு சேவைகளையும் அலுவலகத் தொலைபேசியையும் காட்டுங்கள்.

பக்கத்துக்குள்

தேடி வந்தவர் முகப்பைப் பார்க்காமல் நேராக உள்பக்கத்தில் இறங்குவார். அந்தப் பக்கமே அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்ல வேண்டும்: மேலே 'முகப்பு › சான்றிதழ்கள் › பிறப்புச் சான்றிதழ்' என்ற வழிக்கோடு, அதன் கீழ் தலைப்பு, அடுத்த வரியிலேயே விடை. பிறப்புச் சான்றிதழ்ப் பக்கத்தின் முதல் பத்தியில் நிற்க வேண்டியவை: குழந்தை பிறந்த ஊரில்தான் பதிவு, 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயர் இல்லாமல் பதிந்திருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமின்றியும் அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயர் சேர்க்கலாம், சான்றிதழைப் பதிவிறக்க இந்த இணைப்பு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள் கீழே இருக்கட்டும். பல பக்கங்களில் இது தலைகீழாக இருக்கிறது. சட்டம் மேலே, இணைப்பு எட்டாவது பத்தியில். வெளித்தளத்துக்குப் போகும் இணைப்பு என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். தோற்றம் மாறியதும் போலித் தளமோ என்று பயந்து திரும்புபவர்கள் உண்டு.

முகவரிகளை ஆங்கில எழுத்தில் குறுகலாக வையுங்கள். தமிழில் வைக்க முடியும். ஆனால் வாட்ஸ்அப்பில் நகலெடுத்து ஒட்டும்போது அது பெரும்பாலும் சதவீதக் குறிகளாக விரியும். ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து என்ற கணக்கில் 'சொத்துவரி' என்ற ஐந்தெழுத்துச் சொல் 81 எழுத்தாகும், பார்ப்பவர் தொடத் தயங்குவார். முகவரியில் பிரிவின் பெயரோ ஆண்டோ வேண்டாம், இரண்டுமே மாறக் கூடியவை.

பழைய முகவரிகளை அறுத்துவிடாதீர்கள். கணக்கெடுப்புத் தாளிலேயே 'புதிய முகவரி' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் 301 திசைமாற்றம் எழுதுங்கள், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதிய முகவரிக்கு அனுப்பும் கட்டளை. குறைந்தது ஓராண்டு, முடிந்தால் நிரந்தரமாக இருக்கட்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்புவது திருப்பாததற்குச் சமம். வரிப் பக்கத்தைச் சேமித்து வைத்திருந்தவர் வரிப் பக்கத்துக்கே போய்ச் சேர வேண்டும்.

தளம் வெளிவந்த பிறகு மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, விடை கிடைக்காத தேடல்களில் முதல் 20-ஐ எடுங்கள். ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்றாக இருக்கும். பக்கம் இருக்கிறது, சொல் வேறு என்றால் இணைச்சொல்லில் சேர்க்க வேண்டும். பக்கமே இல்லை என்றால் எழுத வேண்டும். நகராட்சியின் வேலை இல்லை என்றால் வழிகாட்டும் மூன்று வரிப் பக்கம் வேண்டும். இந்த ஒரு மணி நேரம் யாருடையது என்று பெயர் குறித்து, பணிமாறுதலில் அவர் போகும்போது அடுத்தவரிடம் விரிதாளையும் இணைச்சொல் பட்டியலையும் ஒப்படைக்கச் செய்யுங்கள்.